சூடு வைத்த வளைவு

ஆம்பூர்,
12.1.2025

பாண்டியன் அவர்களுக்கு,

அண்ணா என்று எழுதப்போன கையை அடித்து நிறுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போன் நம்பரை மாற்றிவிட்டீர்கள். மாற்றிக்கொள்ளுங்கள். வாலாஜாபேட்டையில் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் வெல்டு வைக்கிற பட்டறையில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன், வந்து சேரவில்லை என்று நீங்கள் சாதிக்க முடியாது.

என் தம்பி ஆபித் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து அம்மாவுக்குத் துணையாக நான் இங்கே ஆம்பூரில்தான் இருக்கிறேன். கரும்பு ஆலையின் மின்சாரக் கூடத்தில் ஆவிக் குழாய் கசிகிறது, வந்து பார் என்று கூப்பிட்டார்கள். பார்க்கப் போனவன் தலைக்கு மேலேயே அது வெடித்தது. ஆஸ்பத்திரியில் அம்மா அவன் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லவில்லை. சொல்ல முகம் இல்லை. கால் விரல்களைத் தடவிப் பார்த்து, ஆமாம், என் பிள்ளைதான் என்றார். அந்தக் குழாய்க்கு வெல்டு வைத்தது நீங்கள்.

நீங்களும் ஆபித்தும் அந்த ஆலை வேலையை எடுத்துச் செய்த என் கணவர் சுஹேல் அகமதுவின் ராணிப்பேட்டைப் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தீர்கள். அவன் குழாயைப் பொருத்துவான், நீங்கள் ஒட்டுவீர்கள். எங்கள் வீட்டு பிரியாணி தேக்சாவில் உங்கள் பங்கு என்று தனியாக எடுத்து வைத்த காலம் உண்டு. இன்னொரு பிடி வெச்சிக்கோங்கண்ணா என்று பரிமாறியது இந்தக் கைதான். அதை நினைத்தால் கையை எரித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏப்ரலில் என் சாட்சி வருகிறது. என் கணவர் எழுதித்தந்த புகாரில் கையெழுத்துப் போட்டவள் நான். அவசரமாக வைத்த வெல்டு விட்டுப்போய் என் தம்பி செத்தான், அதை வைத்தவர் இதோ நிற்கிறார் என்று கூண்டில் ஏறிச் சொல்வேன். நீங்கள் கம்பிக்குப் பின்னால் போகிற அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கும். நல்லா இருக்க மாட்டீர்கள்.

ஹஃப்ஸா

—

வாலாஜாபேட்டை,
21.1.2025

ஹஃப்ஸாவுக்கு,

சாட்சிக்காரர்களோடு பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் ஜாமீன் நிபந்தனை. இந்தக் காகிதத்தை நீ ஸ்டேஷனில் கொடுத்தால் நாளைக்கே என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள். எழுதாதே என்று வக்கீல் தலைபாடாக அடித்துக்கொண்டார். நீ சாபம் விட்டாயே, அதற்காக நான் எழுதவில்லை. அதெல்லாம் பழகிப்போச்சு. அவசரமாக வைத்த வெல்டு என்று எழுதியிருக்கிறாய் பார், அது பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

நான் வைத்த வெல்டு இன்றைக்கும் முழுசாக இருக்கிறது. குழாய் கிழிந்தது வளைவில். வெல்டுக்கும் கிழிசலுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. கண் உள்ளவன் எவனும் பார்க்கலாம், ஆனால் ஒருத்தனும் பார்க்கவில்லை. வெல்டர் சரியாக ஒட்டவில்லை என்றால் ஆலைக்கும் சௌகரியம், முதலாளிக்கும் சௌகரியம். இளிச்சவாயன் ஒருத்தன் கிடைத்தால் எல்லாருக்கும் வேலை முடிந்தது. என் லைசென்ஸைப் பிடுங்கினார்கள். எக்ஸ்ரே எடுத்தாலும் ஒரு பொட்டுக் குறை தெரியாத வெல்டு வைத்த கை இது. இப்போது நாய்க் கூண்டுக்குக் கம்பி ஒட்டுகிறது.

தம்பியைப் பறிகொடுத்தவள், நீ திட்டு. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் யாரென்று தெரிந்துகொண்டு திட்டு. என்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவனை நான் சும்மா விட்டுவிடுவேன் என்று மட்டும் நீயும் நினைக்காதே, அவனும் நினைக்க வேண்டாம்.

பாண்டியன்

—

ஆம்பூர்,
3.2.2025

பாண்டியன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டேஷனில் கொடுக்கவில்லை. இரக்கப்பட்டு விட்டேன் என்று நினைக்க வேண்டாம். என் கையில் அது இருப்பது நல்லதுதானே.

கேட்டேன். வளைவில்தான் கிழிந்தது என்கிறார்களே, உண்மையா என்று என் கணவரிடம் கேட்டேன். நான் முழுசாகக் கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது. "வெல்டு சூடு எறங்கி வளைவு கெட்டுப்போச்சி, அவ்ளோதான். உனக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு, உங்கம்மாவப் போய்ப் பாரு" என்றார். அவர் ஒரு விஷயத்துக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. ஒரு குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டால்கூட யோசித்துச் சொல்கிறவர்.

உடனே உங்களை நம்பிவிட்டேன் என்று துள்ள வேண்டாம். தப்பு செய்தவன் எவன் நானே செய்தேன் என்று ஒத்துக்கொள்வான்? அந்தக் குழாய் பி-91, உயர்ந்த சரக்கு, எந்தச் சூட்டையும் தாங்கும் என்று ஆபித்தே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அப்படிப்பட்ட இரும்பு ஒரு முழம் தள்ளித் தானாகக் கிழியுமா? யார் என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் ஏப்ரலில் பார்க்கலாம்.

ஹஃப்ஸா

—

வாலாஜாபேட்டை,
12.2.2025

ஹஃப்ஸாவுக்கு,

சொல்கிறேன், கேள். நீ கல்யாணத்துக்கு முன்னால் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்கிங் பார்த்தவள். உனக்குப் புரியும்.

பி-91 உயர்ந்த சரக்குதான். ஆனால் அதன் பலம் அதில் கலந்திருக்கிற குரோமியத்தால் மட்டும் வருவதில்லை. செய்கிற ஆலையில் அதை ஆயிரத்து ஐம்பது டிகிரி வரைக்கும் ஏற்றி, ஆறவிட்டு, மறுபடி எழுநூற்று அறுபதில் வைத்து எடுக்கிறார்கள். அந்தப் பக்குவத்தில் இருக்கிறது அதன் உயிர். அதனால்தான் நான் வெல்டு வைக்கும் முன் குழாயைச் சூடேற்றிக்கொள்வேன், வைத்த பின் கம்பிச் சுருள் சுற்றி, மீட்டரைப் பார்த்துப் பார்த்துச் சூட்டை ஏற்றி இறக்குவேன். சோறு தண்ணி இல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இடையில் எவனாவது கண்டபடி சூடு வைத்தால் பக்குவம் கெட்டது. பெயர் பி-91 என்றே இருக்கும், ஆனால் உள்ளே வேறு இரும்பு. தோலுக்கும் இப்படித்தான் என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். ஷூ முனையை இழுக்கும்போது மெஷின் சூடு ஜாஸ்தியானால் பெட்டியில் பளபளவென்று இருக்கும், போட்டு நடந்த நாலாம் மாசம் வெடிக்கும் என்று.

அன்றைக்கு ஆலையில் நடந்தது இது. வளைவின் ஒரு முனையை நான் ஒட்டி முடித்திருந்தேன், மறுமுனை பொருந்தவில்லை. இரண்டு விரல் அகலம் விலகி நின்றது. புது வளைவு வரவழைத்திருக்க வேண்டும். நான் கேஸ் சிலிண்டர் எடுத்துவரப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வளைவு பொருந்தி உட்கார்ந்திருக்கிறது, மேலே ஈரக் கோணி போட்டு ஆவி பறக்கிறது. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப் பாய்லர்களில் பண்ணுவார்களே, அந்த வேலை. கேஸ் டார்ச்சில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, செயின் போட்டு இழுத்து, கோணியை நனைத்துப் போடுவது. அங்கே இருப்பது சாதா இரும்பு, ஆவியும் சாதா ஆவி. ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து காட்டிவிட்டார்கள்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தேன். "இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கீங்க" என்று கத்தினேன். சூடு வைத்தவன் சிரித்துக்கொண்டே, "இரும்பு இன்னா கோழியாண்ணா, வெந்துபூட?" என்றான். வைக்கச் சொன்னவன் உன் புருஷன் சுஹேல். அங்கேயே நின்றுகொண்டிருந்தான். "எங்கப்பா காலத்துல இருந்து இப்படித்தான். உன் சட்டம்லாம் புஸ்தகத்துல வெச்சிக்கோ" என்றான். மறுநாள் பெயின்ட் அடித்தார்களாம். தண்ணீர் ஏற்றி அழுத்தம் பார்த்தார்களாம், பாஸ். பச்சைத் தண்ணீரில் என்ன தெரியும்? ஐந்நூற்று நாற்பது டிகிரி ஆவி ராவும் பகலும் ஓடினால்தான் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக உப்பிக்கொண்டே வந்து ஒரு நாள் கிழியும். வாய் ஜாஸ்தி என்று அன்றைக்கே என்னை வேலையை விட்டு அனுப்பினான், மறுமுனையை வேறு ஆளை வைத்து ஒட்டிக்கொண்டான்.

சூடு வைத்தவன் பேரைக் கேட்காதே. அது உனக்கு வேண்டாம்.

நம்பாவிட்டால் நீயே பார். வெட்டி எடுத்த துண்டை, கோர்ட் கேட்டால் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி சுஹேல் பொறுப்பிலேயே விட்டிருக்கிறார்கள். திருடன் கையில் சாவி. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் கிடக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கியதால் காயலான் கடைக்கும் போட முடியாது. ஒரு அரம் எடுத்துப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, நேர்க் குழாயில் தொடங்கி வளைவு வரைக்கும் தேய்த்துக்கொண்டே போ. சிவக்கக் காய்ச்சிய நடு இடத்தில் அரம் வழுக்கும். அதன் ஓரத்தில் சும்மா கடித்துக்கொண்டு இறங்கும். அந்த ஓரம்தான் செத்த இடம். கிழிசல் எங்கே இருக்கிறது என்று அப்புறம் பார்.

பாண்டியன்

—

ஆம்பூர்,
10.3.2025

பாண்டியன் அவர்களுக்கு,

நோன்பு திறக்க ராணிப்பேட்டை வீட்டுக்கு வரச் சொன்னார் என் கணவர். போனேன். பேரீச்சம்பழம், கஞ்சி எல்லாம் முடிந்து ஆண்கள் மஃரிப் தொழுகைக்குக் கிளம்பினார்கள். நான் ஷெட்டுக்குப் போனேன். அரம் அங்கேயே மேஜை மேல் கிடந்தது.

நீங்கள் சொன்னது போலவே தேய்த்தேன். நேர்க் குழாயில் ஒரே சத்தம். வளைவின் நடுவில் அரம் வழுக்கியது, கை நழுவி விரலைக் கீறிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் தள்ளித் தேய்த்தபோது அரம் கடித்தது. பொடி பொடியாக உதிர்ந்தது. அந்த ஓரத்திலேயே கிழிசல் வாய் பிளந்து நிற்கிறது, சுற்றிலும் உப்பியிருக்கிறது. உங்கள் வெல்டு அதற்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அதையும் தடவிப் பார்த்தேன். நல்ல வெல்டு.

தொழுதுவிட்டு வந்தவர் என்னை அங்கே பார்த்தார். "இன்னா பண்ற இங்க?"

"சூடு வெச்சது யாரு?" என்றேன்.

தலையில் இருந்த தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "வெச்சது உன் தம்பி. டார்ச்சைப் புடிச்சது அவன் கை. நானா புடிச்சேன்? போ, கோர்ட்ல போய்ச் சொல்லு. செத்தவன் பேரை நீயே கெடு. அவன் தப்புக்கு அவனே செத்தான்னு ஊர் பேசட்டும், உங்கம்மா அதைக் கேட்டுட்டு உயிரோட இருப்பாங்களான்னு பாக்கலாம்."

"வைக்கச் சொன்னது?"

"ஆலைக்காரன் தலை மேல நிக்கிறான். மறுநாள் பாய்லர் ஏத்தணும். இன்னா பண்ணச் சொல்ற? சொன்னேன். தெரிஞ்சா சொன்னேன்?"

தெரியாமல் சொன்னாராம். சரி, தெரியாமலே சொன்னதாக இருக்கட்டும். வெடித்த பிறகு தெரிந்ததே? தெரிந்துகொண்டுதானே உங்கள் பேரை எழுதினார்? எழுதி, என் கையில் பேனாவைக் கொடுத்து, இங்கே போடு என்று விரலால் காட்டினார். ஆபித்தின் ஜனாஸாவைத் தூக்கிய முதல் தோள் அவருடையது. என்னைவிட ஜாஸ்தியாக அழுதார். அந்தக் கண்ணீரைப் பார்த்து நான்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஷெட்டில் அவர் இப்படிப் பேசிய ராத்திரியே பஸ் பிடித்து ஆம்பூர் வந்துவிட்டேன். அவர் வீட்டுக் கஞ்சியில் நோன்பு திறந்த வாயை வாசலிலேயே கொப்பளித்துத் துப்பினேன். இனி அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்.

அவரை விட மாட்டேன். என் தம்பியைக் கொன்றதற்கு ஒன்று, கொன்றுவிட்டு என்னை வைத்தே இன்னொருவன் கழுத்தை அறுக்கப் பார்த்ததற்கு ஒன்று. அந்தத் துண்டை லேபுக்கு அனுப்ப வேண்டும் என்று வக்கீல் மூலம் மனுப் போட்டாகிவிட்டது.

உங்கள் மேலும் கோபம்தான். என் தம்பி பேரை மறைத்து, அதை அந்த மனுஷன் வாயால் என்னைக் கேட்கவைத்தீர்கள்.

ஹஃப்ஸா

—

வாலாஜாபேட்டை,
19.3.2025

என் தங்கச்சி ஹஃப்ஸாவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவன் லூசு என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். மூன்றரை வருஷமாக நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது இன்றைக்குத்தான் கொஞ்சம் அடங்கியது. நல்ல வெல்டு என்று எழுதினாயே, போதும் தாயே. எந்த லைசென்ஸும் எனக்கு இதற்கு ஈடாகாது.

ஆபித் பேரை எதற்கு நான் சொல்வேன்? அவன் சின்னப் பையன். முதலாளி, அதுவும் அக்கா புருஷன், காய்ச்சு என்றால் காய்ச்சுவான். கோர்ட்டிலும் அவன் பேரை இழுக்காதே. "யாரோ ஒரு ஹெல்பர் சூடு வெச்சான், சொன்னது சுஹேல்" என்று முடித்துவிடு. நானும் அப்படியே சொல்கிறேன். நம் இரண்டு பேர் வாயும் ஒன்றாக இருந்தால் அவன் தப்ப முடியாது. கூண்டில் அவன் நிற்கும்போது நான் முதல் வரிசையில் உட்கார்ந்து அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். அந்தத் திமிர் பிடித்த மூஞ்சி இறங்குவதை நான் பார்க்க வேண்டும்.

என்னை விரட்டிய அன்றைக்கே அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "ரெண்டு வருஷம். அதுக்கு மேல இது தாங்காது. அப்ப என் கால்ல வந்து விழுவே" என்றேன். கேலியாகச் சிரித்தான். நான் நாளை எண்ணிக்கொண்டே இருந்தேன் ஹஃப்ஸா. ஒரு தடவை வேறு வேலையாகப் போனபோது அந்த ஆலை கேட்டுக்கு எதிரில் டீ குடித்தேன். உள்ளே போய் இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் வளைவை மாற்றிவிட்டு, அவன் பேர் கெடாமல் தப்பித்துக்கொள்வான். வெடிக்கட்டும், ஊரே பார்க்கட்டும் என்று டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் கணக்கு தப்பவில்லை பார், நான் சொன்ன ரெண்டு வருஷத்திலேயே வெடித்தது. ஆனால் அந்தப் பாவி உன் தம்பியை அதற்கு அடியில் அனுப்புவான் என்று கண்டேனா? ஆள் இல்லாத நேரத்தில் போகும் என்றுதான் நினைத்தேன். அந்தப் பாவத்தையும் சேர்த்து அவன் அனுபவிக்கட்டும்.

ஏப்ரலில் பார்ப்போம். தைரியமாக இரு. உனக்கு அண்ணன் நான் இருக்கிறேன்.

பாண்டியன்

—

ஆம்பூர்,
3.4.2025

பாண்டியன் அவர்களுக்கு,

பெருநாள் முடிந்தது. இந்த வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு ஆஃப்ரீன் கொண்டுவந்து வைத்த சேமியா அப்படியே ஆறிக் கிடந்தது.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முதல் தடவை படித்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை படிக்கும்போது அந்த டீக்கடையில் கண் நின்றுவிட்டது. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

உங்களை வேலையை விட்டு அனுப்பிய மறு வருஷம் பக்ரீதுக்கு ஆம்பூரில் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்தீர்கள். முதலாளியோடுதானே சண்டை, உங்களோடு இல்லையே என்று அம்மா உங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆபித் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எலும்பைத் தட்டிப் போட்டுக்கொண்டே, "அடுத்த வாரம் ஆலையில ஷட்டவுன்ணா, நான்தான் போறேன்" என்றான். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டீர்கள். தயிர் வெங்காயம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, போட்டது நான். அந்த வளைவு செத்துப்போனது என்று அந்தப் பந்தியில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஒவ்வொரு ஷட்டவுனும் முடிந்து ஆவி ஏற்றும்போது அவன் அதன் அடியில்தான் போய் நிற்பான் என்றும் தெரியும். போகாதே என்று ஒரு வார்த்தை. "டேய், அந்த வளைவுப் பக்கம் நிக்காத" என்றாவது ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு உங்களுக்கு வாய் வரவில்லை. வெடித்தால்தானே சுஹேல் மூஞ்சி இறங்கும்.

ஆள் இல்லாத நேரத்தில் வெடிக்கும் என்று நினைத்தீர்களாம். ஆவிக்கு யார் மேல் விழ வேண்டும் என்று நீங்கள் சொல்லி அனுப்பினீர்களா? என் கணவர் தெரியாமல் கெடுத்தார், நீங்கள் சொன்னதை நம்பாமல் சிரித்தார், வெடித்த பிறகு மறைத்தார். நீங்கள் முதல் நாளில் இருந்தே தெரிந்துகொண்டு, என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைத் தின்றுகொண்டு நாளை எண்ணினீர்கள். உங்கள் இரண்டு பேர் சண்டைக்கு நடுவில் நின்றவன் அவன். எனக்கு உங்களில் யாரைக் கம்மியாக வெறுப்பது என்று தெரியவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டார்ச்சைப் பிடித்தது ஆபித் என்பதையும் சொன்னேன். அவர் உடைந்துபோவார் என்று எல்லாரும் சேர்ந்து என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தீர்கள். அம்மா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "சொல்லும்மா. என் புள்ளை தெரியாமச் செஞ்சான், அதுக்கு உயிரையே குடுத்துட்டான். அவனுக்கு இனிமே இன்னா பயம்? தெரிஞ்சவங்க எல்லாரு பேரையும் சொல்லு" என்றார்.

குழாய்த் துண்டு லேபுக்குப் போய்விட்டது. என் கணவர் தினமும் ஆள் அனுப்புகிறார். முதலில் சமாதானம், பிறகு தலாக் என்ற மிரட்டல். பதினேழாம் தேதி எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. யாரோ ஒரு ஹெல்பர் என்று சொல்ல மாட்டேன். நம் இரண்டு பேர் வாயும் ஒன்றாக இருக்காது. உங்கள் கடிதங்களைக் காட்டவும் மாட்டேன், எனக்கு அது தேவையில்லை. கோர்ட்டில் உங்களிடமே கேட்கச் சொல்வேன், வளைவு கெட்டது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று. பொய் சொல்லிப் பாருங்கள், அப்போது காட்டுகிறேன்.

உங்கள் வெல்டில் ஒரு குறையும் இல்லை, அதை நானே தொட்டுப் பார்த்தேன் என்று முதலில் சொல்லிவிடுவேன். உங்கள் லைசென்ஸ் உங்களுக்குத் திரும்பி வரும், அது நியாயம். அதற்கப்புறம் மூன்று பேரைச் சொல்வேன். சூடு வைத்தவன் என் தம்பி ஆபித் பாஷா. வைக்கச் சொன்னவர் என் கணவர் சுஹேல் அகமது. தெரிந்தும், வெடிக்கட்டும் என்று காத்திருந்தவர் பாண்டியன்.

ஹஃப்ஸா